வீட்டில் முதல் வைஃபை: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு வீடுகள் ரயில் பெட்டி போல நீளமானவை. வாசலில் ஓர் அறை, அதற்குப் பின்னால் ஓர் அறை, கடைசியில் சமையலறை. கம்பத்திலிருந்து வரும் ஒயரை வாசல் கதவுக்கு மேலே துளை போட்டு உள்ளே இழுத்து, மின்சார மீட்டர் பக்கத்தில் பெட்டியை மாட்டி, பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கேபிள்காரர் போய்விடுவார். அதற்குப் பிறகு நெட் வரவில்லை என்றால் வீட்டில் இருப்பவர்கள்தான் தவிக்க வேண்டும். சில வருடங்களாக அக்கம்பக்கத்து வீடுகளில் இந்தப் பெட்டிகளைப் பார்த்துக் கொடுத்துவருகிறேன். பெரும்பாலான கோளாறுகளுக்குக் கருவி எதுவும் தேவைப்பட்டதில்லை. கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே.

இடங்கள் மூன்று. கம்பத்திலிருந்து பெட்டி வரை முதல் இடம். பெட்டியும் (கம்பத்து ஒயர் வந்து சேரும் மோடம்), ரவுட்டரும் (அந்த இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவி), அவற்றுக்கு இடையில் ஓடும் ஒயரும் இரண்டாவது. ரவுட்டரிலிருந்து செல்பேசி வரை, காற்றில் போகும் வழி மூன்றாவது. சில வீடுகளில் பெட்டியும் ரவுட்டரும் ஒன்றாகவே இருக்கும். அப்போதும் கணக்கு இதுதான். முதல் இடம் கேபிள்காரருடையது. மற்ற இரண்டும் நம்முடையவை.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். பெட்டியின் பின்புறம் ஊசித் துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானைத் தயவுசெய்து அழுத்தாதீர்கள். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால், கேபிள்காரர் உள்ளே பதிந்துவைத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துபோகும். இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா ஒருவர், மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை இரவு கொண்டை ஊசியால் அதை அழுத்திவிட்டார். உண்மையான கோளாறு அடாப்டர் முள் தளர்ந்திருந்ததுதான். பத்து நொடி வேலை. ஆனால் அழிந்த பயனர் பெயரைத் திரும்பப் பெற மறுநாள் காலை கேபிள்காரர் கடை திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விண்ணப்பத்தை என் செல்பேசி இணைப்பில் அனுப்பினோம். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன்.

எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னுகிறது

எல்.ஓ.எஸ். என்றால் சிக்னல் இழப்பு. ஃபைபர், அதாவது கண்ணாடி இழை இணைப்பில் மட்டும் வரும் அறிகுறி இது. கண்ணாடி இழை வழியாக வரவேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை.

கேபிள்காரரை அழைக்குமுன் வீட்டுக்குள் இருக்கும் ஒயரை மட்டும் ஒரு முறை கண்ணால் பாருங்கள். உள்ளே இருப்பது மனித மயிரைப் போன்ற மெல்லிய கண்ணாடி. ஒரு டம்ளரைச் சுற்றிய வளைவை விட இறுக்கமாக மடங்கினால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். கதவு இடுக்கில் நசுங்கியிருக்கிறதா, பீரோவைத் தள்ளிப்போட்டபோது அதன் பின்னால் மடங்கிவிட்டதா, ஆணியில் இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பை மெதுவாக எடுத்துவிட்டாலே சிவப்பு விளக்கு அணைந்த வீடுகள் உண்டு. பச்சை நிற முனையைக் கழற்றி ஊதுவதும் புடவைத் தலைப்பால் துடைப்பதும் வேண்டாம். ஒரு தூசி போதும், நிலைமை மோசமாகும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கே இருக்கும்.

சிவப்பு இல்லாமல், பி.ஓ.என். (பான்) என்று எழுதிய பச்சை விளக்கு மட்டும் ஓயாமல் மின்னினால் ஒளி வருகிறது, ஆனால் கேபிள்காரரின் கருவி பெட்டியை இன்னும் ஏற்கவில்லை. ஐந்து நிமிடம் பொறுங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் அதுவும் அவர் வேலைதான்.

விளக்கே இல்லை, அல்லது பெட்டி தானாக அணைந்து எரிகிறது

அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. பழைய அடாப்டர் வலுவிழந்தால் பெட்டி விளக்கைக் காட்டும், ஆனால் நான்கைந்து பேர் சேர்ந்து பயன்படுத்தும் நேரத்தில் விழுந்து எழும். மாற்று வாங்கும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. 9 வோல்ட் அடாப்டரின் முள் 12 வோல்ட் பெட்டியில் பொருந்திவிடும் என்பதால் ஏமாந்துவிட வேண்டாம்.

வைஃபை இணைகிறது, ஆனால் ‘இணையம் இல்லை’ என்கிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். பல காரணங்கள் ஒரே முகமூடியோடு வருவதால் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

செல்பேசியில் வைஃபை அமைப்புக்குள் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் தெரியும். அதன் தொடக்கத்தைப் படியுங்கள்.

192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் செல்பேசிக்கு முகவரி கொடுத்துவிட்டது. மூன்றாவது இடம் சரி. கோளாறு ரவுட்டருக்கு அந்தப் பக்கம்.

169.254 என்று தொடங்கினாலோ, முகவரியே இல்லாமல் ‘ஐ.பி. பெறுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருந்தாலோ ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். செல்பேசியில் அந்த வைஃபை பெயரை நீக்கிவிட்டு மீண்டும் இணையுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடியும்.

கோளாறு அந்தப் பக்கம் என்று தெரிந்தால், ரவுட்டரின் பின்னால் நிறம் மாறி, பெரும்பாலும் நீலமாகத் தனித்திருக்கும் துளையைப் பாருங்கள். டபிள்யூ, ஏ, என் என்ற மூன்று எழுத்து அதன்மேல் இருக்கும். பெட்டியிலிருந்து வரும் ஒயர் அதில்தான் செருகியிருக்க வேண்டும். வீடு பெருக்கும்போது கழன்றதை யாரோ அன்போடு பக்கத்துத் துளையில் செருகிவைத்திருப்பார்கள். ஒரே நிறத்தில் நான்கு துளைகள் (வீட்டுக்குள் இணைப்பு கொடுக்கும் லேன் துளைகள்) இருக்கும்போது யாருக்கும் அந்தத் தவறு நேரும்.

ஒயர் சரியாக இருந்தும் வரவில்லையா? அடுத்தது பயனர் பெயர். உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டினால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். சரியான எண் ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். இணைய அமைப்பில் பி.பி.பி.ஓ.ஈ. என்ற வகை (பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் இணைப்பு) தேர்வாகி, கேபிள்காரர் கொடுத்த பெயரும் பாஸ்வேர்டும் இருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் யாரோ ரீசெட் அழுத்தியிருக்கிறார்கள். ‘அங்கீகாரம் தோல்வி’ என்ற பொருளில் செய்தி வந்தால் பாஸ்வேர்டு தவறு, அல்லது மாதச் சந்தா முடிந்துவிட்டது. சந்தாவை முதலில் பாருங்கள். பலர் கூச்சத்தால் இதைக் கடைசியில்தான் சொல்கிறார்கள்.

புது ரவுட்டர் வாங்கி மாட்டிய அன்றே இந்தக் கோளாறு வந்தால் வேறு காரணம் இருக்கலாம். சில கேபிள்காரர்கள் பழைய ரவுட்டரின் மேக் முகவரியை (கருவிக்குக் கருவி மாறும் அடையாள எண்) தங்கள் பக்கம் பூட்டிவைத்திருப்பார்கள். தொலைபேசியில் கூப்பிட்டு, ‘ரவுட்டர் மாற்றியிருக்கிறேன், மேக் முகவரியை விடுவியுங்கள்’ என்றால் நொடியில் முடியும்.

இன்னொன்று எங்கள் பகுதியில் அடிக்கடி நடப்பது. கேபிள்காரர் தந்த பெட்டியே ஒரு ரவுட்டர். வீட்டுக்காரர் நல்ல வைஃபை வேண்டும் என்று இன்னொன்றை அதன்பின் மாட்டுகிறார். இரண்டுக்கும் முகவரி 192.168.1.1. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? புது ரவுட்டரின் லேன் முகவரியை (வீட்டுக்குள் அது பயன்படுத்தும் முகவரி) 192.168.2.1 என்று மாற்றிச் சேமியுங்கள். குழப்பம் தீரும்.

சில தளங்கள் திறக்கின்றன, சில திறப்பதில்லை

வாட்ஸ்அப் ஓடுகிறது, தளங்களின் பெயரைத் தட்டினால் மட்டும் வரவில்லை என்றால் டி.என்.எஸ். கோளாறாக இருக்கலாம். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் வேலை அது. ரவுட்டரில் டி.என்.எஸ். இடத்தில் 8.8.8.8 என்றும் 1.1.1.1 என்றும் எழுதிப் பாருங்கள்.

அதற்கும் மசியாமல், தேடல் பக்கம் வந்து வங்கிப் பக்கம் மட்டும் பாதியில் தொங்கினால் ரவுட்டரில் எம்.டி.யூ. என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு தரவுப் பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு அது. சாதாரண அளவு 1500. பி.பி.பி.ஓ.ஈ. தன் பங்குக்கு 8 எடுத்துக்கொள்வதால் இங்கே அது 1492 ஆக இருக்க வேண்டும். 1500 என்று இருந்தால் பெரிய பொட்டலங்கள் வழியில் சிக்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டில் மூன்று வாரமாக வங்கியையே குறைசொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த ஓர் எண்ணை மாற்றியதும் திறந்தது.

வாசலில் பறக்கிறது, சமையலறையில் வரவே இல்லை

ரயில் பெட்டி வீடுகளின் நிரந்தரத் துன்பம் இது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர்களும் தடிமனானவை. வைஃபை அலை இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும்.

சுவரை விடப் பெரிய தடைகள் இரண்டு நம் வீடுகளில் உண்டு. ஒன்று இரும்பு பீரோ. அலையைத் திருப்பி அனுப்பிவிடும். மற்றது தண்ணீர். வடசென்னையில் எந்த வீட்டிலும் லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ பிடித்துவைத்த நீல டிரம்மும் பிளாஸ்டிக் குடங்களும் வரிசையாக இருக்கும். தண்ணீர் வைஃபை அலையை உறிஞ்சிக்கொள்ளும். ரவுட்டர் கீழே, டிரம் நடுவில், நீங்கள் அந்தப் பக்கம் என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரவுட்டரும் தோற்கும். ரவுட்டரை நடு அறையில், தலைக்கு மேலே, பரண் விளிம்பில் வையுங்கள். மழைநீர் வீட்டுக்குள் வரும் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத் தாழ்வான தெருக்களில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரையிலும் தாழ்ந்த அலமாரியிலும் பெட்டியை வைத்திருந்தவர்கள் அதையும் இழந்தார்கள்.

பெட்டியை நகர்த்த ஃபைபரை இழுக்காதீர்கள். பெட்டி வாசலிலேயே இருக்கட்டும். அங்கிருந்து நடு அறைக்குச் சாதாரண லேன் ஒயர் ஒன்றை ஓட்டி ரவுட்டரை மட்டும் நகர்த்துங்கள். அந்த ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும்; நமக்கு 10 மீட்டர் போதும். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயர் சில வளைவுகளில் ஒடிந்துவிடும்.

அப்படியும் சமையலறை எட்டவில்லை என்றால், சுவர் பிளக்கில் செருகும் சிறிய நீட்டிப்புக் கருவியை வாங்க எல்லோரும் ஓடுகிறார்கள். வாங்க வேண்டாம் என்று சொல்வேன். ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திரும்பச் சொல்லும் கருவி வேகத்தில் ஏறக்குறைய பாதியைத் தானே தின்றுவிடும். வீட்டில் தூங்கும் பழைய ரவுட்டரை எடுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். முகவரி கொடுக்கும் வேலையான டி.ஹெச்.சி.பி. என்பதை அணையுங்கள். முதல் ரவுட்டரின் லேன் துளையிலிருந்து இதன் லேன் துளைக்கு ஒயர் போடுங்கள். தனித்திருக்கும் அந்த நீலத் துளையைத் தொட வேண்டாம். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். முதல் ரவுட்டர் வேறு முகவரியில் இருந்தால் கடைசி எண் மட்டும் மாறும்படி வையுங்கள். செலவு ஒயருக்கு மட்டும்தான்.

இரவு எட்டு மணிக்கு மேல் நத்தையாகிறது

இங்கே இரண்டு சந்தேகங்கள். கேபிள்காரரின் பாதையில் நெரிசலா, நம் தெருக் காற்றில் நெரிசலா? பிரிப்பது எளிது. கணினியை லேன் ஒயரால் ரவுட்டரில் நேரடியாக மாட்டி வேகம் பாருங்கள். ஒயரிலும் மெதுவாக இருந்தால் நெரிசல் வெளியே. மாதக் கடைசியில் மட்டும் இப்படி என்றால் திட்டத்தின் தரவு வரம்பு தீர்ந்திருக்கும். ஒயரில் வேகமாக இருந்து வைஃபையில் மட்டும் மெதுவாக இருந்தால் காற்றில்தான் நெரிசல்.

எங்கள் வீட்டு நடு அறையில் நின்று செல்பேசியைத் திறந்தால் இருபதுக்கு மேற்பட்ட வைஃபை பெயர்கள் வருகின்றன. எல்லாம் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியில் (அலைவரிசையில்) பேசிக்கொண்டிருக்கின்றன. அந்த வெளியில் 13 சேனல்கள் (தனித்தனிப் பாதைகள்) இருந்தாலும் ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ்தான் தள்ளி நிற்கிறது. வைஃபைக்கோ 20 தேவை. ஆகவே ஒன்றையொன்று உரசாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 மட்டும். கூட்டம் குறைந்த சேனல் என்று 3ஐயோ 4ஐயோ தேர்ந்தெடுப்பவர் 1இல் இருப்பவரையும் 6இல் இருப்பவரையும் சேர்த்துக் கெடுத்துத் தானும் கெடுகிறார். இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததை எடுங்கள். சேனல் அகலத்தை 40இலிருந்து 20ஆகக் குறையுங்கள். உங்கள் வேகமும் கூடும், பக்கத்து வீட்டாருக்கும் நன்மை.

ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இருந்தால் அதே அறையில் இருக்கும் தொலைக்காட்சியையும் கணினியையும் அதற்கு மாற்றுங்கள். வெளி விசாலமானது, ஆனால் சுவரைத் தாண்ட வலு குறைவு. வைஃபை பெயரின் முடிவில் வரும் 5ஜி என்பதற்கும் செல்பேசி 5ஜிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உள்ள 4ஜி செல்பேசியாலும் அதில் இணைய முடியும்.

200 எம்.பி. திட்டம், 94க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது

90க்குச் சற்று மேலே சுவரில் முட்டியது போல வேகம் நின்றால் எங்கோ ஓர் இடம் 100 எம்.பி.க்கு (நொடிக்கு 100 மெகாபிட்) மேல் விடவில்லை. மலிவு ரவுட்டர்களின் துளைகளே அந்த அளவுதான்; ரவுட்டர் வந்த அட்டைப்பெட்டியில் கிகாபிட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தும் ஏறாவிட்டால் ஒயர் முனையைப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள். 100க்கு ஆரஞ்சு இணையும் பச்சை இணையும் போதும். அதற்கு மேலே போக நீலமும் பழுப்பும் வேண்டும். அவற்றில் ஒன்று ஒடிந்திருந்தால் இணைப்பு அறுபடாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் மொட்டைமாடியில் திறந்தவெளியில் விட்ட முனைகளில் உப்புக்காற்றால் களிம்பு ஏறியே இது நடக்கிறது. முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தால் (புது முனையைக் கருவியால் அழுத்திப் பொருத்தினால்) தீர்ந்தது.

திட்டத்தில் சொல்வது மெகாபிட், பதிவிறக்கத்தில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள், 200 என்பது அங்கே 25.

கேமராவுக்கு நம் வைஃபை பெயரே தெரியவில்லை

மலிவான கேமராக்களும் வைஃபை பிளக்குகளும் பெரும்பாலும் 2.4இல் மட்டும் பேசுபவை. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்து இணையுங்கள். 12, 13 சேனல்களைச் சில கருவிகள் பார்க்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இணைந்தவர் பட்டியலில் தெரியாத பெயர்

உடனே பக்கத்து வீட்டுப் பையனைச் சந்தேகிக்க வேண்டாம். இப்போதைய செல்பேசிகள் தங்கள் மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுபவை. உங்கள் கைப்பேசியே புது ஆளாகத் தெரியலாம். வீட்டில் எல்லோரும் வைஃபையை அணைத்த பிறகும் பட்டியலில் ஒருவர் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்ற பூட்டு முறையில் வையுங்கள், பாஸ்வேர்டு தட்டாமலே இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணையுங்கள், ரவுட்டர் பக்கத்துக்குள் நுழையும் ‘அட்மின்’ பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

ஒரே வளாகத்தில் நான்கு குடித்தனம் சேர்ந்து ஓர் இணைப்பைப் பகிர்வதும் இங்கே வழக்கம். முதலில் கேபிள்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அதில் நடப்பதற்கு முதலில் விசாரிக்கப்படுபவரும் அவரே. விருந்தினர் வைஃபை என்ற தனிப் பெயரை இயக்கி அதைக் கொடுங்கள். உங்கள் கேமராவும் கணினியும் அவர்கள் கண்ணில் படாது.

இடி இடித்த மறுநாள் வரவில்லை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறையக் கேட்பேன். மாடிக்கு மாடி செம்பு ஒயர் இழுத்த இணைப்புகளில், பக்கத்தில் எங்கோ விழும் மின்னலின் தாக்கம் ஒயர் வழியாக வந்து ரவுட்டரின் நீலத் துளையை மட்டும் எரித்துவிடும். ரவுட்டரின் மற்ற விளக்குகள் எரியும், வைஃபை வரும், அந்தத் துளைக்கான விளக்கு மட்டும் எரியாது. வேறு ஒயரைச் செருகியும் எரியாவிட்டால் துளை போய்விட்டது. ரவுட்டரைத் தூக்கி எறியாதீர்கள். மேலே சொன்ன சமையலறை வேலைக்கு அது பயன்படும், அங்கே லேன் துளை மட்டும் போதும். அடுத்த முறை வானம் கறுத்ததும், இடி நெருங்குமுன், அடாப்டரைப் பிடுங்கும்போது நீலத் துளைக்கு வரும் ஒயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். பலர் முதலாவதை மட்டும் செய்கிறார்கள். ஃபைபர் கண்ணாடி என்பதால் அதன் வழியாக மின்சாரம் வராது, ஆனால் அடாப்டர் வழியாக வரும்.

கேபிள்காரரை அழைக்கும்போது

‘நெட் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால், கையில் கிரிம்ப் கருவியோடு ஒரு தம்பி வந்து, அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் போவார். ‘நேற்று இரவு 9 மணியிலிருந்து எல்.ஓ.எஸ். சிவப்பு, வீட்டுக்குள் ஒயரில் மடிப்பு இல்லை, அடாப்டர் சரி’ என்று சொல்லுங்கள். உலாவியில் திறக்கும் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவு (டி.பி.எம். என்ற அலகில்) தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மைனஸ் 20க்குப் பக்கம் நலம், மைனஸ் 27ஐ விடக் கீழே போனால் பாதையில் பழுது. அப்போது கண்ணாடி இழையை ஒட்டவைக்கும் இயந்திரத்தோடு வேறொருவர் வருவார். அன்றைக்கே வேலை முடிய வாய்ப்பு அதிகம்.